ஏற்கெனவே வந்தவர்

மனிதர்களில் 'ஏற்கெனவே வந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் அவர் அங்கே போய்விட்டு வந்திருப்பார். எப்போது போனார், யாரோடு போனார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. போயிருக்கிறார், அவ்வளவுதான். வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட் அவருடைய பிறப்புரிமை. "மெதுவா, இப்ப ஒரு வளைவு வரும்" என்பார். வரும். எந்தச் சாலையில்தான் வளைவு வராது?

எங்கள் தெருவில் இருப்பவர் ரிடையரான போஸ்ட்மாஸ்டர். ஒரு தடவை அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு மறுநாள் இதயத்தில் ஆபரேஷன் என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் மகளைத் துணைக்கு வைத்துவிட்டு, கோயிலும் தர்காவும் ஒரே முற்றத்தில் இருக்கிற அந்தப் பழைய ஊருக்குப் போய் இரண்டு இடத்திலும் வேண்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அந்த அம்மாள் துடித்தார். உச்சிப்பொழுதுக்கு இரண்டையும் சாத்திவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். கூடவே நானும், பக்கத்து வீட்டு டெய்லர் பாயும், அவர் மனைவியும் கிளம்பினோம். போஸ்ட்மாஸ்டரை யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் ஏறும்போதே அவர் முன் சீட்டில் இருந்தார்.

வழியெல்லாம் பாடம். தர்காவுக்குள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும் என்று, விவரம் தெரிந்த நாளிலிருந்து தொப்பி போடுகிற டெய்லர் பாய்க்குக் கைக்குட்டையை மடித்துக் கட்டியே காட்டினார். பாய் பொறுமையாக, "சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். வேறென்ன செய்வார், ஓடுகிற வேனிலிருந்து குதிக்கவா முடியும்?

ஊரில் இறங்கியதும் பூக்காரி நேரே போகச் சொன்னாள், டீக்கடைக்காரர் நேரே போகச் சொன்னார், கேட்காமலேயே ஒரு பிச்சைக்காரர்கூடக் கையை நேரே நீட்டினார். "அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு. நமக்குப் பின்வாசல் இருக்கு" என்று போஸ்ட்மாஸ்டர் சந்துக்குள் திரும்பினார். ஒரு சலூனைத் தாண்டினோம். வெல்டிங் பட்டறையைத் தாண்டி, மாவு மில்லைத் தாண்டி, மறுபடி ஒரு சலூனைத் தாண்டினோம். அதே சலூன். அடுத்த சுற்றில் சலூன்காரர் எங்களைப் பழகியவர்கள் போலப் பார்த்துத் தலையசைத்தார்.

கடைசியில் ஒரு நீண்ட மதில், அதில் பூட்டிய பச்சைக் கதவு. "இதுதான். கூட்டம் வர்றதுக்குள்ள வந்துட்டோம்" என்று செருப்பைக் கழற்றி, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பூட்டிய கதவின் முன் கண்மூடி நின்றால் என்ன ஆகும்? பூக்கூடையோடு வந்த ஒரு தம்பதி பின்னால் நின்றார்கள். அவர்கள் நிற்பதைப் பார்த்துத் தொப்பி போட்ட ஒரு குடும்பம் நின்றது. கோயிலுக்கு வந்தவர்கள் அதைக் கோயில் வாசல் என்றும், தர்காவுக்கு வந்தவர்கள் தர்கா வாசல் என்றும் நினைத்துக்கொள்ள, வரிசை தெருமுனையைத் தாண்டியது. நடுவில் நுழைந்ததாக இரண்டு பேருக்குள் சண்டைகூட நடந்தது. போஸ்ட்மாஸ்டருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

அக்கா வெயிலைப் பார்த்தார். உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

"தம்பி, இந்தக் கதவு உனக்கு எப்படிடா தெரியும்?"

"அதான் சொன்னேனே அக்கா, நான் முன்னாடியே வந்திருக்கேன்."

"வந்தே. அப்ப நீ கைக்குழந்தை. உன்னை இடுப்புல தூக்கிட்டு வந்தது நான்தான். கோயில்லயும் தூங்கினே, தர்காவுலயும் தூங்கினே."

சொல்லிவிட்டு அக்கா, பாயின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சலூன்காரரிடம் போய் வழி கேட்டார். சீப்பை நீட்டி அவர் காட்டிய திசையில் ஓடினோம். முதலில் கோயில். தர்காவுக்குள் நுழையும்போது சாத்துவதற்குக் கதவில் கை வைத்துவிட்டார்கள்; அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்கள். அவர் முந்தானையால் முகத்தை மூடாமலே அழுதார். வேடிக்கை பார்க்க வந்த நானும் அவரோடு வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் போஸ்ட்மாஸ்டர் அங்கேயே நிற்கிறார். எப்படி விலகுவார்? பின்னால் அத்தனை பேர் அவரை நம்பி நிற்கிறார்களே. அப்போது பூட்டைத் திறக்க ஒரு பெண் சாவியோடு வந்தாள். கதவு திறந்தது. உள்ளே கோயிலுக்கும் தர்காவுக்கும் பொதுவான துடைப்பங்கள், வாளிகள், ஒரு ஃபினாயில் டப்பா.

மனிதர் அசரவில்லை. துடைப்பங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஓரமாக நகர்ந்து, "சீக்கிரம் பார்த்துட்டு நகருங்க, பின்னால இருக்கிறவங்களும் பார்க்கணும்" என்றார். வரிசை நகர்ந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா வீட்டுக்காரர் இப்போது வாசல்வரை நடக்கிறார். "எல்லாரும் ரெண்டு இடத்துல வேண்டிக்கிட்டாங்க. மூணாவது இடம் எனக்குத்தான் தெரியும்" என்று போஸ்ட்மாஸ்டர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்த தடவை எங்காவது ஒரு பூட்டிய கதவின் முன் நிற்கும்போது, உங்களுக்குப் பின்னால் வரிசை நீள்வதைப் பார்த்து மனம் குளிர்ந்தால், ஒரு நிமிடம் உங்களுக்கு முன்னால் நிற்பது யார் என்று பாருங்கள். யாரும் இல்லையா? பரவாயில்லை. உள்ளே இருக்கிற துடைப்பத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின்னால் இருப்பவர்களுக்கு வழி விடுங்கள்.