காந்தப் பனியன் அனுப்பிய மாமாவுக்கு

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கம் சொல்லி எழுதுவது. அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவைப் பரிசோதனைக்கு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனிலேயே கத்தியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது.

காலையில் உங்கள் பார்சல் வந்திருக்கிறது. நான் பட்டறையில் ஒரு டிரான்ஸ்பார்மரைப் பிரித்துப் போட்டிருந்தேன். அம்மா போன் செய்து, "டேய், உங்கப்பா மாமா அனுப்பின பனியனப் போட்டுக்கிட்டு பீரோவோட ஒட்டிக்கிட்டாருடா" என்றாள். ஒட்டாமல் என்ன செய்யும்? நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்து மூன்று மாதம்கூட ஆகாத மனிதருக்கு, முன்பக்கம் முழுக்கக் காந்த வில்லை தைத்த பனியனை அனுப்பியிருக்கிறீர்கள்! வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அப்பா இரும்பு பீரோவைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார், முகம் வெளுத்துக் கிடக்கிறது, மாத்திரையோ அவர் ஒட்டியிருக்கும் கதவுக்கு உள்ளே. "கழட்டுங்கப்பா!" என்றால், "மச்சான் ஆசையா அனுப்பினதுடா. ரத்தத்துல இருக்கிற இரும்ப இழுத்து ஓட வைக்குமாம்" என்கிறார். கத்தரிக்கோலால் முதுகுப் பக்கம் வெட்டி அப்பாவை உருவி எடுத்தேன். பனியன் மட்டும் பீரோவோடு நின்றது.

மாமா, ரத்தத்தில் இருப்பது ஆணி அல்ல. அந்த இரும்பைக் காந்தம் இழுக்காது. அப்புறம், சமையலில் பூண்டு போட்டால் காந்தத்தின் சக்தி இறங்கிவிடும் என்று அம்மாவிடம் சொன்னீர்களாமே? பூமியே ஒரு பெரிய காந்தம் என்று சொன்ன கில்பர்ட், நானூறு வருடத்துக்கு முன்பே அந்தப் பூண்டுக் கதையைப் பொய் என்று எழுதிவிட்டார். உங்களுக்கு இன்னும் தகவல் வரவில்லை போலிருக்கிறது. கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்திலிருக்கும் திசைகாட்டி முள் திரும்புகிறது என்று ஓர்ஸ்டெட் கண்டுபிடித்தாரே, அன்றிலிருந்து மின்சாரமும் காந்தமும் சம்பந்திகள். ஒன்றை வீட்டுக்குள் விட்டால் மற்றது சும்மா இருக்காது. ஆனால் பாரடே இன்னொன்றும் சொன்னார்: கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால்தான் மின்சாரம் தூண்டப்படும், சும்மா கிடந்தால் ஒன்றும் நடக்காது. நீங்கள் மட்டும்தான் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தூண்டிவிடுகிறீர்கள்.

இங்கே பேஸ்மேக்கரைச் சோதிக்கும் டெக்னீசியன் அம்மையாரிடம் விசாரித்தேன். காந்தம் பக்கத்தில் வந்தால் பேஸ்மேக்கர் இதயம் சொல்வதைக் காதில் வாங்காதாம், தன் பாட்டுக்கு ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்குமாம். "எங்க மாமா மாதிரியே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பனியன் கழட்டி இவ்வளவு நேரமாச்சு. இன்னும் ஏன் தலை சுத்துதுங்கிறார்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, இனிமேல் நீங்கள் எங்கள் வீட்டுக்குப் பார்சலும் அனுப்ப வேண்டாம், யோசனையும் சொல்ல வேண்டாம், நேரிலும் வர வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. உங்களுக்கு நல்ல புத்தி.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் மகன்

பின்குறிப்பு: டெக்னீசியன் அம்மையார் வெளியே வந்தார். தலைசுற்றலுக்குக் காரணம் பனியன் இல்லையாம். பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி இடம் நகர்ந்து, பத்து நாளாகவே சரியாகப் பிடிக்கவில்லையாம். "இன்னிக்கு வந்தது நல்லதாப் போச்சு. விட்டிருந்தா எங்கேயாவது சுருண்டு விழுந்திருப்பார்" என்கிறார். அந்தப் பத்து நாளும் மயக்கம் வருவதை அப்பா உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். உள்ளே போய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். "உன்கிட்ட சொன்னா பாடம் நடத்துவே. மச்சான்தான் 'அய்யோ'ன்னு கேட்டான்" என்றார். நாளைக் காலையில் கம்பியைச் சரிசெய்கிறார்கள். மச்சான் வராமல் ஆபரேஷனுக்குப் போகமாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்துப் போனிலேயே அனுப்புகிறேன். மேலே எழுதியதை விட்டுவிட்டுக் கிடைக்கிற பஸ்ஸில் ஏறுங்கள், மாமா. வெறுங்கையோடு வரவும்.