வழுக்கைத் தலைக்கு எழுதிய பில்

என் தங்கையின் வீட்டுக்காரரும், என் சலூனில் முதல் நாற்காலிக்கு உரியவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, மச்சான் சொந்தக் கையால் எழுதிக்கொண்டது.

இங்கு நலம், அங்கு நலமா என்று தொடங்கவேண்டும் என்று, இந்த வயதில் நான் எழுதப் படிக்கப் பழகும் மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். அங்கே நலமில்லை, காரணமே நான்தான் என்று தெரிந்தும் கேட்கிறேன், முறை என்று ஒன்று இருக்கிறதே. இந்த வரிக்கு வந்து சேர ஒரு சவரம் முடிக்கும் நேரம் ஆகிவிட்டது. ஆனால் பாருங்கள், 'மாப்பிள்ளை'யில் ஒரு அடித்தல்கூட இல்லை.

அன்றைக்கு நீங்கள் கடைக்கு வந்து, வீட்டு ஓனர் முன்பணத்தை ரொக்கமாகத்தான் கேட்கிறார், கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டால் எடுக்கும்போதே ஒரு கட்டணம், அன்றைக்கே வட்டி, கார்டின் வரம்பிலும் கொஞ்சம்தான் பணமாக எடுக்க விடுவார்கள், பேசாமல் உங்கள் கார்டு மெஷினில் முடிவெட்டியதாகத் தேய்த்துவிட்டுப் பணமாகக் கொடுங்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். நானும் சிரித்துக்கொண்டே தேய்த்துவிட்டு, புது நாற்காலி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். கார்டு கம்பெனியிலிருந்து போன் போட்டு, இவ்வளவு பெரிய தொகைக்கு பில் இருக்கிறதா என்று கேட்டபோது, தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எழுதப் பழகிய கை சும்மா இருக்குமா? கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முடிவெட்டு என்று மட்டும் போட்டால் தொகை எட்டவில்லை. அதனால் சாயம், சுருள் வைத்தது, சுருளை நேராக்கியது, பொடுகு வைத்தியம், கிருதா ஒதுக்கியது என்று எனக்கு எழுத வந்த சொல்லையெல்லாம் இறக்கினேன். அனுப்பும் முன் வகுப்பில் காட்டினேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார் டீச்சர்.

அந்த முத்தைப் பார்க்கக் கம்பெனி ஆபீசரே நேரில் வந்தார். யாருக்குச் செய்த வேலை என்று கேட்டார். முதல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உங்களைப் பெருமையாகக் காட்டினேன். மேலே எரிந்த டியூப்லைட் உங்கள் தலையில் முழுதாகத் தெரிந்தது. அவர் பில்லைப் படித்தார், தலையைப் பார்த்தார், மறுபடி பில்லைப் படித்தார்.

"சுருளை எங்க வச்சீங்க பெரியவரே?"

நல்ல மனிதர், கத்தவில்லை. கார்டில் சாமான் வாங்கினால் கடைக்காரர் தரும் கமிஷன் எங்களுக்கு வரும், அதனால் சில வாரம் வட்டியில்லாமல் பொறுத்துக்கொள்வோம், பணமாக எடுத்தால் அதுவும் இல்லை என்று விளக்கினார். அப்புறம் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

"கடன்ல சாமான் வாங்குறவர் சம்பளம் வந்ததும் கட்டிடுவார். கடன்ல காசு எடுக்குறவர் பெரும்பாலும் எல்லாக் கதவையும் தட்டிட்டு வந்தவரா இருப்பார். திரும்பி வருமான்னு எங்களுக்கு பயம். அதான் இவ்வளவு கட்டுப்பாடு."

நீங்கள் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை கதவு தட்டிவிட்டு என் கடைக்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லையே மாப்பிள்ளை. கேட்டிருந்தால் மெஷின் எதற்கு, அந்த நாற்காலிப் பணத்தைச் சும்மாவே கொடுத்திருப்பேனே.

இப்போது மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், உங்கள் கார்டு நின்றுவிட்டது, தங்கை என் போனை எடுப்பதில்லை. முதல் நாற்காலியில் நான் வேறு யாரையும் உட்காரவைப்பதும் இல்லை. உங்கள் கார்டைத் திறக்க ஆபீசர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். தெரியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது என்று நான் எழுதிக் கொடுத்தால் போதுமாம். "ஒரே வரி பெரியவரே, அதுக்கு மேல வேண்டாம்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். ஆகவே கவலை வேண்டாம், கோபத்தை விட்டுவிட்டு வாருங்கள்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் தலைக்கு, உள்ளது உள்ளபடி, என் மரியாதை.

இப்படிக்கு,
மச்சான்

பின்குறிப்பு: அந்த ஒரு வரியை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். ஒரு வரியில் மனசு ஆறவில்லை. அதனால் இது உங்கள் யோசனைதான் என்பதையும், இதற்கு முன் மளிகைக்கடையிலும் மருந்துக்கடையிலும் இதேபோல் தேய்த்ததாக அன்றைக்கு நீங்கள் சொன்னதையும் ஒளிக்காமல் சேர்த்தேன். ஒன்பது பக்கம் வந்தது. ஒரு அடித்தல்கூட இல்லை.