எயார் கிளீனர்ல ஒன்றரை அங்குலம்

சனிக்கிழமை காலையில எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கார்ல எயார் கிளீனரை மாட்டணும்.

கார்னா, என்னோட பழைய மொரிஸ் மைனர். என்னை விட பத்து வயசு மூத்தது. அதோட சொந்த எஞ்சின் போன வருசம் மண்டையப் போட்டுருச்சு. பதிலுக்கு ஒரு ஜப்பான் எஞ்சினை எறக்கி வச்சோம். நல்லாத்தான் ஓடுது. ஆனா கொஞ்சம் ஒசரம். காத்தை வடிகட்டி எஞ்சினுக்குக் குடுக்குற அந்தப் பழைய வட்டத் தகர டப்பாவை மேல வச்சா, பொனட் மூட மாட்டேங்குது.

சின்னதா புதுசு ஒண்ணு போட்ருவோம் சார், அஞ்சு நிமிச வேலைன்னு மெக்கானிக் சொன்னாரு.

நான் ஒத்துக்கல. பழைய காருக்குப் பழைய டப்பாதான் அழகு. பொனட்ட தொறந்து பாக்குறவன் என்ன நெனப்பான்? இதுவரைக்கும் ஒருத்தனும் தொறந்து பாத்ததில்ல, அது வேற விசயம்.

அவசரம் என்னன்னா, அன்னைக்கு என் மச்சினிச்சி ரோஸ்லினுக்குக் கல்யாணம். பத்து மணிக்கு அப்புத்தளை மாதா கோயில்ல பூசை. பொண்ணு என் கார்லதான் போகணும்னு மூணு மாசமா நானே சொல்லிட்டுத் திரிஞ்சேன். மாமனார் ஒரு வேன் பேசுறேன்னாரு. கௌரவக் கொறைச்சல்னு தடுத்ததும் நான்தான்.

என் மனைவி ஜெசி காலையிலேயே சொல்லிட்டா. "இந்தக் காரால என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நான் உங்களோட பேசவே மாட்டேன்."

நான் கணக்கு வாத்தியார், அளக்காம எதையும் செய்ய மாட்டேன்னு அவளுக்கு நெஞ்சை நிமித்திப் பதில் சொன்னேன்.

சும்மா சொல்லல. முந்தின நாளே பெரகல சந்தியில வெல்டிங் கடைக்குப் போயி, டப்பாவை ஒன்றரை அங்குலம் வெட்டி ஒட்டியாச்சு. காத்து இழுக்குற மூக்கு ரேடியேட்டர்ல இடிச்சதால, அதையும் சைலன்சர் குழாய்ப் பக்கமா திருப்பியாச்சு. அங்க சுடுமே சார்னு கடைக்காரர் இழுத்தாரு. குளிர் ஊருக்கு அதுதான் நல்லதுன்னு அவருக்கும் ஒரு பாடம் எடுத்துட்டு வந்தேன்.

சனிக்கிழமை கல்யாண வீட்டு வாசல்ல வச்சு மாட்டினேன். பொனட் அழகா மூடுச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கணும்.

ஆனா மூடின பொனட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குனு தெரிஞ்சாகணுமே! ஒரு வீடியோவுல பாத்திருக்கேன். பிள்ளைங்க வெளையாடுற களிமண்ண உருட்டி டப்பா மேல வைக்கணும். பொனட்ட அமுக்கி மூடித் தொறக்கணும். நசுங்கின களிமண்ணோட தடிப்பு என்னவோ அதுதான் இடைவெளி.

கல்யாண வீட்டுல களிமண்ணுக்கு எங்க போறது? குசினியில எட்டிப் பாத்தேன். ஒரு பெரிய பேசின்ல ஈரத்துணி போட்டு மாவு மூடி வச்சிருந்துச்சு. ரொட்டி மாவுன்னு நெனச்சு மூணு உருண்டை எடுத்தேன். யாரையும் கேக்கல. கேட்டா எதுக்குன்னு திருப்பிக் கேப்பாங்க.

நடுவுல ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு, மூக்குக்கு மேல ஒண்ணு. மூடினேன், தொறந்தேன், அடிமட்டம் வச்சு அளந்தேன். சரியா அரை அங்குலம்! போட்டோ எடுத்து இந்தக் குரூப்லயே போட்டேன். நீங்களும் நாப்பது பேரு லைக் போட்டீங்க. உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு.

ரெண்டு உருண்டையை எடுத்துட்டேன். மூணாவதுல கை வைக்கப் போறப்ப மாமனார் வாசல்ல வந்து நின்னாரு.

"மாப்ள, மணி ஒன்பதே கால். நீங்க இன்னும் பனியனோட நிக்கிறீங்க."

பொனட்ட மூடிட்டு உடுப்பு மாத்த ஓடினேன்.

மத்த ஆளுங்க எல்லாம் பஸ்ல முன்னாலயே போயாச்சு. கார்ல பின்னால ரோஸ்லினும் ஜெசியும், முன்னால மாமனார். மொத ரெண்டு கிலோமீட்டர் ராஜ பவனிதான். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க கூட நிமிந்து பாத்துக் கையாட்டினாங்க.

அப்புறம் ஏத்தம். எஞ்சின் மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. மூணாவது கியர் ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. கண்ணாடியில பாத்தா பின்னால ஒரே மூட்டம்.

பனி எறங்குதுன்னேன்.

"பனி கறுப்பா இருக்குமா மாப்ள?"ன்னாரு மாமனார்.

கொஞ்ச நேரத்துல பாண் சுடுற வாசம் வருதேன்னு ரோஸ்லின் சொன்னா. இந்தத் தேயிலைக்கு நடுவுல பேக்கரி எங்க இருக்குன்னு நான் சிரிச்சேன். நான் சிரிச்சு முடிக்கல, கார் நின்னுருச்சு. மணி ஒன்பது அம்பது. போன்ல சிக்னலும் இல்ல.

பொனட்ட தொறந்தேன்.

எலுமிச்சங்காய் அளவுல நான் வச்ச மாவு, தேங்காய் அளவுக்கு உப்பி, மூக்கை முழுசா அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. குழாய்ப் பக்கம் மட்டும் பொன்னிறமா வெந்திருக்கு.

ஜெசி எறங்கி வந்து பாத்தா. "இது என் மாலு பாண் மாவு."

சாயந்தரம் வீட்டுக்கு வர்ற ஆளுங்களுக்கு மீன் வச்சுச் சுடுறதுக்காக, ஈஸ்ட் போட்டுப் பெசஞ்சு பொங்க வச்சிருக்கா. நான் அதைச் சூட்டுல கொண்டு போய் வச்சிருக்கேன். அது பொங்காம என்ன செய்யும்?

அதோட அவ வாய மூடிக்கிட்டா. அவ திட்டியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன்.

ரோஸ்லின் வெள்ளைச் சேலையை ரோட்டுல படாமத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ரெண்டு வீட்டுலயும் ரெண்டு வருசம் போராடி வாங்கின கல்யாணம் அது. "அத்தான், நான் மனசு மாறி வரலன்னு அவரு நெனச்சுருவாரு"ன்னா. நான் பெரிய ஆளு மாதிரி வேனை வேணாம்னு சொன்னது அப்பதான் உறுத்துச்சு.

ஸ்க்ரூடிரைவரால சுரண்டிப் பாத்தேன். மாவு உள்ளுக்குள்ள வரைக்கும் போயிருக்கு. வேற வழியில்ல. ஒன்றரை அங்குலம் அளந்து வெட்டின அந்த டப்பாவையே மொத்தமா கழட்டி, கோட்டுப் போட்ட மாமனார் மடியில வச்சேன். அவரு அதை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

டப்பா இல்லாத எஞ்சின் காட்டுப்பன்னி மாதிரி உறுமிக்கிட்டு ஏத்தத்துல பாஞ்சுச்சு. அவ்வளவு நல்லா அது ஓடி நான் பாத்ததே இல்ல. பத்து பத்துக்குக் கோயில் வாசல்ல நின்னோம்.

கல்யாண மாப்பிள்ளை படியிலயே நின்னாரு. மூஞ்சியில ரத்தமே இல்ல. மொதல்ல எறங்கினது மாமனார், ரெண்டு கையிலயும் டப்பா, அதுல ஒட்டின பாணோட. ஏதோ சீர்னு நெனச்சிருப்பாரு போல, மாப்பிள்ளை தலை குனிஞ்சு ரெண்டு கையால அதை வாங்கிக்கிட்டாரு.

அதுக்குப் பின்னால ரோஸ்லின் எறங்கினா. அவரு விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டுச்சு. அவ சேலையில ஒரு பொட்டு அழுக்கு இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெளியில சொல்லல.

ஜெசி பூசையில பேசல. போட்டோவுக்கு நிக்கிறப்ப பேசல. சாப்பாட்டுலயும் பேசல. சாயந்தரம் வீடு நெறைய ஆளுங்க இருந்தப்ப, கையில காலித் தட்டோட நேரா என்கிட்ட வந்தா.

"ஆறு பேருக்குப் பாண் பத்தல. போய் பொனட்ட தொறந்து பாருங்க."