ஆணி அடிக்காத கத்தி

என் சொந்த யோசனையில் நான் செய்தது ஒரே ஒரு கத்தி. அது பறந்துவிட்டது.

தொலைந்துபோனதைத்தான் பறந்தது என்கிறேன் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே பறந்தது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒரு லயமே நின்று பார்த்தது. அதன் பின்னாலேயே என் கல்யாணமும் பறந்தது. இந்தக் கதையை நான் தொடங்கினாலே என் வீட்டுக்காரி முந்திக்கொண்டு சொல்லி முடித்துவிடுவாள். இன்றைக்கு அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். எழுதுவது மகள். (எனக்குக் கத்தி தீட்டத் தெரியும், பேனா பிடிக்கத் தெரியாது.)

அப்போது பதுளைக்கு ரயில் கிடையாது. கோப்பிச் செடி நோய் வந்து செத்துக்கொண்டிருந்த காலம். இலையில் மஞ்சள் பொடி படிந்து, தோட்டம் தோட்டமாக மொட்டையாக நின்றது. துரைமார் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். கோப்பிக்காக ஊரே அழுதபோது சிரித்தவர் எங்கள் முதலாளி ஒருவர்தான். பதுளைக் கடைத்தெருவில் கயிறும் லாந்தரும் விற்ற முஸ்லிம் வியாபாரி அவர். கோப்பி வெட்டுகிற கத்தி தேயிலைக்கு ஆகாது, இனி எல்லாத் தோட்டத்துக்கும் புதுக் கத்தி வேண்டும் என்று கணக்குப் போட்டார். கடையின் பின்கட்டில் ஓர் உலை வைத்து, ஓர் ஆசாரியைக் கூட்டிவந்து, வாசலில் ‘கத்திக் கம்பெனி’ என்று பலகை மாட்டினார். பலகை கடையைவிட நீளம். ஒரு முனை பக்கத்துப் புடவைக் கடைச் சுவரில் நின்றது. அந்தப் புடவைக் கடைக்காரருக்கும் முதலாளிக்கும் நடந்த சண்டை தனிக் கதை. அதை விடுங்கள்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது லேசான வேலை இல்லை. ஓங்கி வளர்ந்த செடியைக் குனிந்து, ஒரே இழுப்பில், சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். பட்டை கிழிந்தால் தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். அதற்கு எந்த வளைவு, எவ்வளவு கனம் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி கரித்துண்டால் தகரத்தில் ஒரு கத்தி வரைவார். ஆசாரி பார்ப்பார், வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வருவார், அதன் மேலேயே வேறொரு கத்தி வரைவார். கடைசியில் தகரத்தை வெட்டி மாதிரி எடுப்பார்கள். உடைந்த குதிரை வண்டிகளின் வில் பட்டைதான் எங்கள் இரும்பு. உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீர் காட்டி, பிடி மாட்டினால் கத்தி. பிடிக்குக் கோப்பி மரம். செத்த கோப்பிக்கு அதைவிட நல்ல பிழைப்பு இல்லை.

அந்தக் கத்தியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஆட்களிடம் கொடுத்து, மறுவாரம் போய் விசாரித்து வருவது என் வேலை.

“கத்தி நல்லாருக்கான்னு கேக்காத தம்பி” என்று முதலாளி சொல்லி அனுப்பினார். “நீ போய்த் தொலைஞ்சாப் போதும்னு நல்லாருக்குன்னு சொல்லிருவாங்க. உள்ளங்கையப் பாரு. எந்த எடத்துல கொப்புளம் வந்திருக்கோ, அங்க நம்ம பிடி சரியில்ல.”

இப்படித்தான் எங்கள் கம்பெனி கத்தி செய்தது. நான் கொப்புளம் பார்த்து வருவேன், ஆசாரி பிடியில் அந்த இடத்தைச் செதுக்குவார்.

ஆட்கள் கத்தியைச் சும்மா வாங்க மாட்டார்கள். கத்தியைச் சும்மா கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் உறவு அறுந்துவிடும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு. அதனால் அரைச் சதக் காசாவது கையில் வைத்துவிட்டுத்தான் வாங்குவார்கள். இதை நான் வாரா வாரம் பார்த்தவன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பசறைக்கு மேலே ஒரு தோட்டம். ஒரு நாள் பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற அந்த இடத்தில், கவ்வாத்து ஆட்களின் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் பொம்பளை ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியும் கையை நீட்டுகிறாள். கம்பெனி கைரேகை பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறது என்று செய்தி பரவிவிட்டது.

முதலில் நின்ற கிழவி, “எம் மகன் எப்ப வருவான், பாத்துச் சொல்லுய்யா” என்றாள்.

எனக்கு ‘இல்லை’ என்று சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது. “தைக்குள்ள வந்துருவான் ஆத்தா” என்று சொல்லிவிட்டேன். (வந்தும் விட்டான். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் என் மதிப்பைக் கேட்க வேண்டுமா?)

அடுத்து ஒரு கை. மெலிந்த கை, ஆனால் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சில உடைந்திருந்தன.

“என்ன எழுதியிருக்கு?” என்றாள்.

“கொப்புளம்தான் எழுதியிருக்கு. எதால?”

“மிலாறு வெட்டி.”

கவ்வாத்தில் விழுகிற கிளைகளை மிலாறு என்போம். அதை விறகாகத் துண்டு போட்டுச் சுமந்துவருவது பெண்கள் பாடு. ஆண் கைக்குச் செய்த கத்தியில்தான் அவர்களும் வெட்டினார்கள். அதை யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

“அடுத்தவாட்டி வரும்போது வேற எதுனாச்சும் எழுதிட்டு வாங்க, ரேகைக்காரரே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் ஆண் குழந்தை பிறக்கும் என்று சொன்னேன். அதில் இரண்டு பேர் பேரன் எடுத்தவர்கள்.

அவள் பேர் சிலம்பாயி. கவ்வாத்து ஆட்களை மேய்க்கிற கங்காணியின் மகள். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக் கத்திக்கு மட்டும் அடிக்கடி விசாரணை தேவைப்பட்டது. முதலாளி புரிந்துகொண்டார். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. அவரே தொப்பியைச் சரிசெய்துகொண்டு கங்காணியிடம் போய்ப் பெண் கேட்டார். எங்கள் கத்தி மேல் கங்காணிக்கு நல்ல அபிப்பிராயம். சரி என்றார். பரிசம் போட நாள் குறித்தார்கள்.

இத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கைதான் கண்ணில் நின்றது. மிலாறு வெட்ட ஒரு சின்னக் கத்தி, அவள் கைக்கு ஏற்ற மாதிரி செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். அலகைச் சுருக்கினேன். பிடியை மெல்லியதாக்கினேன். பிடியை அரக்கு ஊற்றி மாட்டிய பிறகு இரண்டு ஆணி அடிப்பது எங்கள் வழக்கம். அந்த ஆணித் தலைதான் முதலில் உள்ளங்கையை உரசும். அதனால் ஆணியே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஆசாரி பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆணி எங்கடா?”

“ஆணி கையக் கடிக்குதுண்ணே. அரக்கே தாங்கும்.”

“தாங்கும், தாங்கும். பொட்டிக்குள்ள வச்சிருந்தா நூறு வருசம் தாங்கும்.”

பெரிய மனிதர் பொறாமைப்படுகிறார் என்று நினைத்தேன். முதலாளிக்கோ கத்தி ரொம்பப் பிடித்துவிட்டது. “பரிசத் தட்டுலயே வை தம்பி. நாலு தோட்டத்துக் கங்காணிமாரும் வருவாங்க. எல்லாருங் கண்ணுலயும் படட்டும்” என்றார். யாவாரி மூளை. மாப்பிள்ளை மூளை அதைவிட மோசம். சரி என்றேன்.

அன்றைக்கு நல்ல மழை. லயத்தில் அவர்களுக்கு ஒரே காம்பரா. படுப்பது, சமைப்பது எல்லாம் அந்த ஓர் அறைக்குள். ஆட்கள் நிறைந்து இடம் இல்லாததால் தட்டுகளை அடுப்போரமாக வைத்தார்கள். சேலை, தேங்காய், வெற்றிலை, நடுவில் என் கத்தி. அடுப்பில் சோறு கொதித்தது. சிலம்பாயி எங்கே நிற்கிறாள் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். சூட்டில் அரக்கு இளகுமே என்று யார் நினைத்தார்கள்?

தட்டைச் சபைக்கு நடுவில் எடுத்து வைத்தார்கள். ஒரு கிழவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ள சேரவா வந்திருக்காரு, அறுத்துக்கிட்டுப் போகவா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரிசத் தட்டில் கத்தி. வாரா வாரம் அரைச் சதம் வாங்கிய நான், பெண் வீட்டுக்குக் கத்தியைச் சும்மா கொண்டுவந்திருக்கிறேன். ‘ஒரு அரைச் சதம் குடுத்துருங்க, சரியாப் போகும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பெண் வீட்டில் பரிசத்தன்று காசு கேட்கிறவன் என்று ஆகிவிடுமே என்று விழுங்கினேன்.

முதலாளி சமாளித்தார். “அப்படி எல்லாம் இல்ல கங்காணியார். இது உங்க மகளோட கைக்குன்னே தம்பி செஞ்சது. ஒருக்கா வெட்டிப் பாருங்க.”

கங்காணி நல்ல மனிதர். சூழ்நிலையை லேசாக்க நினைத்து, கத்தியோடு வாசல் தாழ்வாரத்துக்கு எழுந்து போனார். ஒரு மிலாறு எடுத்து நிறுத்தி, கையை ஓங்கினார்.

பிடி அவர் கையிலேயே இருந்தது.

அலகு தாழ்வாரத்தின் குறுக்கே பறந்து, கதவில் மாட்டியிருந்த அவருடைய குடையில் போய்ச் செருகி நின்றது. பழைய துரை சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கறுப்புக் குடை. மழை இல்லாத நாளிலும் கங்காணி பிடித்துக்கொண்டு நடப்பார். யாருக்கும் காயம் இல்லை. குடைக்கு மட்டும்தான்.

சிலம்பாயி தாயின் தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதுதான் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. மீதிப் பாதி எப்படி இருந்திருக்கும் என்று இந்த வயதிலும் யோசிக்கிறேன்.

கங்காணி கோபப்படவில்லை. கையிலிருந்த பிடியைத் தட்டில் வைத்தார். “பிடி நிக்கல தம்பி. அப்புறம் எம் மகளை எந்த நம்பிக்கையில கைப்பிடிச்சுக் குடுக்குறது?” என்றார். சகுனம் பார்த்த கிழவர்கள் அதற்கு மேல் பேச விடவில்லை.

மழையில் பசறை ரோட்டில் இறங்கினோம். தலையில் பரிசத் தட்டு. அதில் தேங்காயோடு தேங்காயாக அந்தப் பிடி. அலகு அங்கேயே நின்றுவிட்டது. ரொம்ப தூரம் போனதும் முதலாளி தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். பிறகு ஆறுதலாக ஒன்று சொன்னார்.

“கவலைப்படாத தம்பி. கொடைத்துணி சீமைத்துணி. ஒரு நூல் பிரியல பாத்தியா? அலகு அசல்.”

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனிக் கத்தியில் ஆணித் தலையை மரத்துக்குள்ளே குழித்து இறக்கி, மேலே அரத்தால் வழுவழுப்பாக ராவி விட்டோம். கையும் கடிக்காது, பிடியும் கழலாது. எல்லாத் தோட்டமும் அதைத்தான் கேட்டு வாங்கியது. அந்தப் பரிசத்துக்கு முன்னால் எனக்கு ஏன் அந்தப் புத்தி வரவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

சிலம்பாயியைக் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் காலத்தில் கல்யாணம் ஆனது. நல்லவள். (கோயிலிலிருந்து வந்துவிட்டாளா பார், மகளே.) முதலாளி மௌத்தாகி, அவருடைய மகன் கடைக்கு வந்து, எனக்குத் தலை நரைத்த பிறகு ஒரு நாள், உலைக்கு முன்னால் ஒரு பொம்பளை வந்து நின்றாள். துணியைப் பிரித்து ஓர் அலகை வைத்தாள். தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்த அலகு. பிடிக்குப் பதிலாகக் கயிறு சுற்றியிருந்தது.

“இதுக்கு ஒரு பிடி போடணும்” என்றாள்.

எனக்குக் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. “இத்தன வருசமா இதையா வச்சிருந்தீங்க?”

“மிலாறு வெட்ட வேற கத்தி சரிப்படல.”

உலைக்கு மேலே பரணில் புகை குடித்துக்கொண்டு கிடந்த பிடியை எடுத்தேன். அப்படியே உட்கார்ந்தது. இந்தத் தடவை ஆணி அடித்தேன். தலையைக் குழித்து இறக்கி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் ராவினேன். சீக்கிரம் முடிகிற வேலைதான். நான்தான் முடிக்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

கத்தியை வாங்கி ஒரு முறை வீசிப் பார்த்தாள். பிறகு இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை விரித்து நீட்டினாள்.

“என்ன எழுதியிருக்கு, ரேகைக்காரரே?”

காய்ப்புக் காய்த்து, தோல் மாதிரி இறுகிப்போன கை. கொப்புளம் ஒன்றுகூட இல்லை.

“ஒண்ணும் எழுதல” என்றேன்.

“அப்பச் சரி.”

மடியிலிருந்து ஓர் அரைச் சதம் எடுத்துப் பட்டறைக் கல்லில் வைத்தாள். வேண்டாம் என்று தள்ளினேன்.

“வாங்கிக்கங்க. சும்மா வாங்குனா அறுந்துரும்” என்று சொல்லிவிட்டு, கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வாசல் திரும்பும்போது சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. உலைப் புகை கண்ணில் பட்டுவிட்டது.

அந்த அரைச் சதம் என் வெற்றிலைப் பையில் இருக்கிறது. என் வீட்டுக்காரிக்கும் தெரியும். “எங்க வீட்டுக்காரரு சொந்தமா ஒரே ஒரு கத்தி செஞ்சு வித்தாரு. வந்த காசு இன்னும் செலவாகல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் யார் எதை உறுதியாகச் சொன்னாலும், “அரக்கா, ஆணியா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மகளைப் பெண் பார்க்க வந்த பையனைக்கூட அப்படித்தான் கேட்டோம். பாவம், அவன் முழித்தான்.

எப்போதாவது மழைநாளில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என் வீட்டுக்காரி சமையல் பக்கமிருந்து கேட்பாள்.

“என்ன, பசறை ஞாபகமா?”

“அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு.”

“அரக்கா, ஆணியா?”

“ஆணிதான்.”

“அப்படின்னா எந்திரிச்சு வாங்க. இங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.”