கல்வெட்டு அக்காவும் கல்யாணப் பத்திரிகையும்

சங்கரன்கோவிலில் தலையெழுத்தைக்கூட மாற்றிவிடலாம். கல்வெட்டு அக்கா கையை விட்டுப் போன பிடிஎஃப்பில் ஒரு காற்புள்ளியை மாற்ற முடியாது!

அக்கா ரத வீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். கட்டம் கட்டமாக டைப் அடித்து நிரப்பும் ஃபைலை, வேலை முடிந்ததும் கட்டமே தெரியாமல் எழுத்தைப் பக்கத்தோடு இறுக்கி ஒட்டிவிடுவார். அதன்பின் எவரும் கை வைக்க முடியாது. "கல்வெட்டாக்கியாச்சு!" என்று அவர் போடும் சத்தத்தில் எதிர்க்கடை மாஸ்டர் டீயைச் சிந்துவார். வரன் பார்க்க அடித்த பயோடேட்டாவில் உயரத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லித் திரும்பி வந்த ஒருவரிடம், "இனிமே நீங்க வளந்தாத்தான் உண்டு, தம்பி" என்றார்.

என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையையும் அவர்தான் அடித்தார். அப்பாவுக்கு அவசரம். வேலை முடியும் முன்பே ஃபைலை வாங்கிச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டு பைக்கில் ஏறினார்.

"அண்ணாச்சி! இன்னும் கல்வெட்டாக்கலையே! ஈரச் சுவரு மாதிரில்லா கெடக்கு, யாரு வேணாலும் கிறுக்கிருவாவளே!" அக்கா தெருவில் ஓடிவந்து கத்தினார். பைக் போய்விட்டது.

கிறுக்கினார்கள். அழைப்பவர்கள் வரிசையில் புளியங்குடி பெரியப்பா தன் பெயரை முதலில் ஏற்றினார். கரிவலம் மாமா அதை அழித்துத் தன் பெயரை வைத்தார். பெரியப்பா கோபத்தில் மறுபடி அடித்த வேகத்தில், அவர் பெயர் மணமகன் கட்டத்தில் போய் விழுந்தது. அதுதான் ஊரெல்லாம் பறந்தது!

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். "என்ன சம்பந்தி, மாப்பிள்ளைய மாத்திட்டியளோ? நாங்க வரணுமா, வேண்டாமா?"

அப்பா அக்காவுக்குப் போன் அடித்தார். தங்கச்சி அழுதுகொண்டே கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் கேட்டுப் பெரியப்பாவும் மாமாவும் குடும்பத்தோடு வந்து எங்கள் கூடத்திலேயே மல்லுக்கு நின்றார்கள். லேப்டாப்போடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் அக்கா.

"ரெண்டு பேரு பேரும் வேண்டாம். பெரியம்மா பேரையும் அத்தை பேரையும் போடுதேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

பெரியப்பா பின்னால் பெரியம்மா நின்றார். மாமா பின்னால் அத்தை. பெரியப்பா மின்விசிறியைப் பார்த்தார். மாமா தன் கால்விரலைப் பார்த்தார்.

"அவ பேர முதல்ல போடு தாயி. நான் ரெண்டாவதா இருந்துக்கிடுதேன்" என்றார் பெரியம்மா.

"கல்வெட்டாக்கியாச்சு!"

மாப்பிள்ளை பெயர் அவர் கட்டத்துக்கே திரும்பிவிட்டதென்று சம்பந்தி வீட்டுக்கு அக்காவே போன் போட்டுச் சொன்னார். அங்கே ஒரே சிரிப்பு.

கல்யாணத்தன்று மேடையேறிப் போட்டோ எடுத்துவிட்டு இறங்கப் போன அக்காவின் கையைத் தங்கச்சி விடவில்லை.

"கொஞ்ச நேரம் எங்க கூட நில்லுங்கக்கா" என்றாள்.

மாப்பிள்ளை நகர்ந்து இடம் விட்டார்.