செல்வி வீட்டு லைவில் என் வாய்

பொறாமையை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைக்கத் தெரியாது என்பதுதான் உண்மை.

பரமத்தி வேலூர் பக்கத்தில் எங்கள் ஊர். ஃபைபர் கேபிள் வந்தபோது முதல் இணைப்பு என் கொழுந்தனார் மனைவி செல்வி வீட்டுக்குப் போனது. என் வீட்டிலோ மொட்டைமாடிக்கு ஏறினால்தான் ஓசூரில் இருக்கும் மகளோடு பேச முடியும் (மழை பெய்தால் அதுவும் இல்லை). செல்வி கூடத்தில் உட்கார்ந்தபடியே லைவ் போட்டு எள்ளுருண்டை விற்றாள். துபாயிலிருந்தெல்லாம் கேட்டார்கள். அவளுக்குப் பாகுப் பதம் சொல்லிக்கொடுத்தவளே நான்! வயிறு எரியுமா, எரியாதா?

ஒருநாள் காலை 'சும்மா' எட்டிப் பார்த்தேன். செல்வி போன் முன்னால் இருந்தாள்.

"அக்கா, செத்த இங்க உக்காருங்க. பாகை எறக்கி வெச்சுட்டு வந்தர்றனுங்க" என்று சமையலறைக்கு ஓடினாள்.

போனில் என் முகம் தெரிந்தது. அவள் லைவை நிறுத்திவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். தலையைக் கோதிக்கொண்டேன். தட்டிலிருந்து ஓர் உருண்டையை வாயில் போட்டேன்.

"மண்ணாட்டம் இருக்குது. இதுக்கு துபாய்ல ஆளாமா!" என்றேன் என் முகத்தைப் பார்த்து. இன்னொன்று. "பாகு முத்திப்போச்சு." இன்னொன்று. "மூஞ்சியப் பாத்து வாங்கறாங்களாட்ட இருக்குது." திரையில் இதயங்களாகப் பறந்தன (அலங்காரம் என்று நினைத்தேன்).

என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏ புள்ள, வாய மூடு! டீக்கடைல அத்தன பேரும் உன்னையத்தான் பாத்துட்டிருக்கறாங்க!"

பத்து வருட உறவு இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். செல்வி வந்தாள், போனில் குவிந்திருந்த கமெண்டுகளைப் படித்தாள், காலித் தட்டைப் பார்த்தாள்.

"பாத்தீங்களாங்க, இத்தன கொற சொல்லியும் எங்கக்காவால கைய நிறுத்த முடியலீங்க" என்றாள் போனைப் பார்த்து, சிரித்துக்கொண்டே.

அன்று மதியத்துக்குள் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்தது. நான் திட்டியதும் அவளுக்கே லாபம்! அந்த எரிச்சலில் சாப்பாடே இறங்கவில்லை (எட்டு உருண்டை தின்றதும் ஒரு காரணம்).

இப்போது என் வீட்டுக்கும் கேபிள் வந்துவிட்டது. செல்வியிடம் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் உருண்டை பிடிக்கிறார்கள். பதம் பார்ப்பது நான். ஆனால் எந்த விசேஷத்திலும் நான் யாரையாவது குறைசொல்ல வாயெடுத்தால் போதும், மகள் காதருகே வந்து கிசுகிசுக்கிறாள்: "அம்மா, லைவ் ஓடுது."

ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுத் தலையைக் கோதிக்கொள்கிறேன்.