பேலியோவுக்குச் சாமான் வாங்கப்போய் அண்ணையைக் கொன்ற கதை

யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதன் இரகசியமாகக் காதலிக்கலாம், இரகசியமாகக் குடிக்கலாம், இரகசியமாகக் கனடாவுக்குக்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம். இரகசியமாகச் சந்தைக்குப் போய்வர மட்டும் முடியாது. உங்கள் பையில் என்ன மீன் கிடக்கிறது என்பது நீங்கள் படலையைத் திறக்குமுன்னரே வீட்டுக்குத் தெரிந்துவிடும். இந்த உண்மை எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது. அது விளங்குவதற்கு என் சொந்த அண்ணையைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் ஒரு இரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. டொக்டர் கடதாசியைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி கடதாசியைப் பார்த்தார்.

"சீனி ஏறுது. மூண்டு மாசம் தாறன், சாப்பாட்டைத் திருத்துங்கோ. இல்லாட்டிக் குளிசைதான்."

அவர் குளிசை என்றுதான் சொன்னார். என் மூளை குளிசையிலிருந்து ஊசிக்கும், ஊசியிலிருந்து கால்விரலுக்கும், கால்விரலிலிருந்து முழங்காலுக்கும் தாவியது. கிளினிக் வாசலில் செருப்பைத் தேடும்போதே, ஒற்றைக் காலுடன் மோட்டார் சைக்கிள் ஓடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை முழுவதும் சவரம் செய்யக்கூட மனம் வரவில்லை. வேலை பார்க்கும் கந்தோரில் மட்டும் வழமையைவிடக் கூடுதலாகப் பகிடி விட்டேன். (பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்குப் பகிடி வரும்.)

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணையிடம் போனில் அழுதேன். அவர் ஒரு வருடமாகப் பேலியோ சாப்பிட்டு, பாதி ஆளாகிப்போனவர்.

"அரிசி இல்லை, மா இல்லை, சீனி இல்லை, பருப்பு இல்லை, பாலும் இல்லை. ஆதிமனிசன் என்னத்தைத் திண்டானோ அதைத் தின்."

"அண்ணை, ஆதிமனிசன் கத்தரிக்காய் திண்டவனோ?"

"அவனை நான் என்ன, பக்கத்து வீட்டிலையே பாத்தனான்? போய் வாங்கித் தின்னடா!"

மனைவி இந்திராவிடம் விசயத்தைச் சொன்னேன். சந்தைக்குப் போகச் சொல்லிப் பையையும் நீட்டினேன். அவள் பையைத் திருப்பி என் கையில் தந்தாள்.

"இஞ்சரப்பா, ஆதிமனிசன்தானே வேட்டைக்குப் போனவன்? மனுசியையோ அனுப்பினவன்? நீங்களே போங்கோ."

போகலாம். ஆனால் இதை ஊர் அறியக்கூடாது. முக்கியமாகக் கந்தோர் அறியக்கூடாது. அதிலும் முக்கியமாகத் தவராசா அண்ணை அறியவே கூடாது. எங்கள் பிரதம இலிகிதரான அந்த நல்ல மனிதர் போன வருடம் மதியச் சாப்பாட்டுக்கு ஓட்ஸ் கொண்டுவரத் தொடங்கினார். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நான் மேசையில் விரல்களால் குதிரைக் குளம்புச் சத்தம் எழுப்புவேன். ஒருநாள் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி வந்து அவருடைய கோப்புக்குள் வைத்தேன். மனிதர் புல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். இப்போது நானும் டயட் என்று தெரிந்தால் கந்தோரே சேர்ந்து என் தோலை உரித்துக் கொடியில் காயப்போடும்.

ஆகவே ஞாயிறு காலை, எங்கள் பண்டத்தரிப்பில் எவர் கண்ணிலும் படாமல், ஆட்களோடு ஆளாய் மறைய வசதியான சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வெள்ளை வேட்டி, ஒரு கிழமைத் தாடி, கையில் பெரிய பை.

உள்ளே நுழைந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை. பிறந்த நாள் முதல் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்க எது வேண்டும் என்று மட்டுமே யோசித்துப் பழகியவன் நான். சோற்றை எடுத்துவிட்டால் மிச்சம் எதற்கு, எவ்வளவு என்று ஒரு கணக்கும் வரவில்லை. ஆட்டிறைச்சி கூடினால் கொழுப்பு ஏறுமோ? நண்டு ஒத்துக்கொள்ளுமோ? முட்டை ஆதிமனிதனுக்குக் கிடைத்திருக்குமோ, கோழி துரத்தியிருக்குமோ? பயந்தவன் எடுக்கிற முடிவைத்தான் எடுத்தேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் பார்ப்போம்.

கால் கிலோ ஆட்டிறைச்சி. ஒரு துண்டு ஈரல். ஒரு பிடி இறால். மீன்காரம்மாவிடம் ஒரேயொரு விளைமீனும் ஒரேயொரு நண்டும் கேட்டேன்.

"ஒரு நண்டோ? வீட்டிலை பூனைக்குக் கலியாணமோ தம்பி?" என்று உரத்துச் சிரித்தவர், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார். பைக்குள் எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பேசாமல் இன்னொரு நண்டைத் தூக்கிப் பைக்குள் போட்டு, "கொண்டுபோ ராசா, ஒண்டும் தர வேண்டாம்" என்றார்.

மரக்கறிக்காரரும் அப்படித்தான். இரண்டு கத்தரிக்காய், ஒரு வாழைக்காய், ஒரு துண்டு பூசணி, ஒரு மாம்பழம் என்று நான் பொறுக்கப் பொறுக்க அவருடைய குரல் தணிந்துகொண்டே போனது. கடைசியில் தலைவாழை இலையொன்றைச் சுருட்டி இலவசமாகவே தந்தார். ஆதிமனிதனின் முகவெட்டு நமக்கு இவ்வளவு பொருந்துகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பினேன். வாழைக்குலைகளுக்குப் பக்கத்தில் தவராசா அண்ணை நின்றார்.

உடுப்பிட்டியில் இருக்கிற மனுசனுக்குச் சுன்னாகத்தில் என்ன அலுவல் என்று என் மனம் அலறியது. (அவருடைய மகள் சுன்னாகத்தில் வாழ்க்கைப்பட்டவள். கலியாணத்துக்குப் போய் நானே இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தவன்.) பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அதற்குள் அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கிட்ட வந்து என் தோளில் கைவைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"சிவம்... எட்டுச் செலவோ?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், எட்டாம் நாள் அவருக்குப் பிடித்த மீன், இறைச்சி, மரக்கறி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சமைத்து வாழையிலையில் படைப்போம். அதைத்தான் எட்டு என்பது. தாடியும் வெள்ளை வேட்டியும் ஒற்றை நண்டும் தலைவாழை இலையும் என்ன சொல்கின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீன்காரம்மா முதல் மரக்கறிக்காரர் வரை என்னோடு துக்கம் கொண்டாடியிருக்கிறார்கள்!

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப உதெல்லாம் என்னத்துக்கு?" என் காதில் குளம்புச் சத்தம் கேட்டது. வாய் தன்பாட்டில், "ஓம் அண்ணை" என்றது.

"ஐயோ, ஆர்? கனடா அண்ணையோ?"

வேறொரு ஆளைக் கண்டுபிடிக்க மூளையைத் தட்டினேன். செத்துப்போன ஒரு மாமா, ஒரு சித்தப்பா, எவராவது. பதற்றத்தில் ஒரு பிரேதமும் அகப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஒரு ஆட்டில் அண்ணை போய்ச் சேர்ந்தார்.

தவராசா அண்ணை என்னைக் கட்டிப் பிடித்தார். "ஒரு கிழமையா இதை உள்ளுக்கை வைச்சுக்கொண்டோ எங்களைச் சிரிக்க வைச்சனீர்? உம்மை நான் விளங்காமல் போனனே!"

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ" என்று கெஞ்சினேன்.

"துக்கத்தை மறைக்கக் கூடாது சிவம்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

வீடு வந்து சேரும்வரை மோட்டார் சைக்கிளில் விதம்விதமாக ஒத்திகை பார்த்தேன். செய்தி பிழை என்று சொல்வோமா? வேறு அண்ணை என்று சொல்வோமா? (எனக்கு இருப்பதே ஒரு அண்ணை.) படலையில் இந்திரா நின்றாள். தலை கலைந்திருந்தது. கையில் போன். போனில் ஒரு மெழுகுதிரி எரிய, கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே என் அண்ணை கொழுத்த கன்னங்களோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு நாளாச்சாம்! எனக்கொரு வார்த்தை சொல்லேல்லை! பேலியோவாம் பேலியோ, பொய்காரன்!"

"இந்திரா, பேலியோதானப்பா உண்மை. சாவுதான் பொய்."

"அப்ப எடுங்கோ அவருக்கு!"

எடுத்தேன். மணி அடித்தது, ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் ஓய்ந்தது. அங்கே இரவு, ஆள் நித்திரையாக இருப்பார் என்று இந்திராவுக்குச் சொன்னேன். எனக்குச் சொல்ல ஆளில்லை. சும்மா சொன்ன சொல் பலித்துவிடும் என்று எங்கள் அம்மா சொல்வா. ஆளையே சாகடித்துவிட்டு வந்திருக்கிறேன். அண்ணிக்கு எடுத்தேன், அவவும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் நிற்கிறார்களோ? சீனியாவது மண்ணாவது, என் காலை வேண்டுமென்றாலும் எடுங்கோ, அண்ணை 'ஹலோ' என்றால் போதும் என்று சுவாமி அறைக்குள் போய் நின்றேன்.

அப்போது வாசலில் வான் வந்து நின்றது. கந்தோர் முழுவதும் வெள்ளை உடுப்போடு இறங்கியது. முன்னால் தவராசா அண்ணை.

"அண்ணை சாகேல்லை! நான் பொய் சொன்னனான்!" என்று நடு விறாந்தையில் நின்று கத்தினேன்.

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். தவராசா அண்ணை மற்றவர்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அதிர்ச்சியிலை மனம் ஏற்காது. ஆரும் குறுக்கை கதையாதையுங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிசமான அழுகை. அதைப் பார்த்து இந்திரா அழுதாள், இந்திராவைப் பார்த்துத் கந்தோரில் தட்டெழுதும் பிள்ளை அழுதது. அந்த ஒப்பாரிக்கு நடுவில்தான் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் அண்ணை, கலைந்த தலையும் எரிகிற கண்ணுமாக.

"டேய்! விடிய வேலைக்குப் போற மனுசனை எழுப்பி, நீங்கள் செத்திட்டியளோ எண்டு ஊர் முழுக்கக் கேக்குது! சரி, செத்ததுதான் செத்தன். உந்தப் பழைய படத்தை ஏன்ரா போட்டவங்கள்? எவ்வளவு பட்டினி கிடந்து மெலிஞ்சனான்! ஒரு நல்ல படம் கிடைக்கேல்லையோ?"

எல்லோரும் தவராசா அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள். படத்தைப் போட்டது அவர்தான். என் அண்ணை ஊருக்கு வந்தபோது அவரே எடுத்தது.

அதன்பின் எதை மறைப்பது? சீனி, குளிசை, பேலியோ, ஒற்றை நண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். தவராசா அண்ணை முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, வாசல்வரை நடந்தார். அங்கே நின்று, தலையைப் பின்னால் எறிந்து, ஒரு நீண்ட கனைப்புக் கனைத்தார். உடுப்பிட்டிவரை கேட்டிருக்கும்.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? இந்திரா கால் கிலோ இறைச்சியையும் இரண்டு நண்டையும் வைத்து, ஒரு பானை சோற்றையும் வடித்துக் கந்தோருக்கே சாப்பாடு போட்டாள். மிச்சம் மீதியில் எனக்குக் கிடைத்தது ஒரு கத்தரிக்காய்க் காம்பு.

குளிசையிலிருந்து இன்றுவரை எப்படியோ தப்பித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணையிடமிருந்துதான் தப்ப முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன்னுடைய திவசத்துக்கு வீடியோவில் வந்துவிடுவார். இலைக்கு முன்னால் போனை நிமிர்த்தி வைக்கவேண்டும். மீன் காணாது, குழம்பில் உறைப்பில்லை என்று பிரேதமே குறை சொல்லும். இந்த வருடம் இலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டச் சொல்லிவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

"எங்கையடா பயத்தம்பணியாரம்?"

"அண்ணை, அது மாவும் சீனியுமெல்லே. நீங்கள் பேலியோ."

"அது உயிரோடை இருக்கிறவனுக்கு. செத்தவனுக்கு என்னடா பேலியோ? வை, ரெண்டு!"